ஒரு தட்டு இரண்டரை டாலர்: நன்சச் லேபிளும் நம் வித்வான்களும்

#1 கருந்தட்டு

வணக்கம். நியூஜெர்சியில் இருக்கும் என் அத்தை மகன் சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது ஒரு இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். யாரோ வீடு காலி செய்கிறபோது வாசலில் பரப்பி வைத்த பழைய பொருள்களுக்கு நடுவில் கிடைத்ததாம். கொடுத்த விலை ஒரு டாலர். "உன் ஊர்ப் பெயர் போட்டிருந்தது, அதனால் எடுத்தேன்" என்றான். நான் ராமநாதபுரத்துக்காரன். உறையில் இருந்த பெயர் ராம்நாட் கிருஷ்ணன்.

தட்டின் தலைப்பு "வித்வான்". கம்பெனி நன்சச், அதன் கீழ் எக்ஸ்ப்ளோரர் வரிசை. எங்கள் வீட்டில் இருக்கும் கர்நாடக இசைத்தட்டுகள் எல்லாம் கல்கத்தா டம்டமில் அச்சானவை. இது எப்படி அமெரிக்காவில் முளைத்தது என்று விளங்கவில்லை. பழைய தட்டு வாங்கி விற்கும் ஒருவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மலிவுப் பதிப்பு லேபிள், சேகரிக்கிறவர்கள் சீண்டமாட்டார்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விற்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் அந்தச் சொல் உறுத்துகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஊசிமுனை

அவர் சொன்னதில் பாதி சரி. நன்சச் மலிவு லேபிளாகத்தான் பிறந்தது. ஐரோப்பியக் கம்பெனிகளிடம் உரிமை வாங்கி, அவர்கள் பதிவு செய்ததை அமெரிக்காவில் அச்சடித்துப் பாதி விலைக்கு விற்றார்கள். என்னிடம் ஏழெட்டு இருக்கின்றன. இரண்டில் இரைச்சல் தாங்கவில்லை. அதே பதிவின் ஐரோப்பிய மூல அச்சு கிடைத்தால் நான் அதைத்தான் வாங்குவேன்.

#3 பேராசிரியர்_ஓய்வு

ஊசிமுனை அவர்களின் இரண்டு வரியில் அடங்கிவிடும் கதை இல்லை இது. நாற்பது ஆண்டாக இந்த லேபிளைத் துரத்துகிறவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஜாக் ஹோல்ஸ்மன் என்பவர் 1950-இல் கல்லூரி மாணவராக இருந்தபோதே எலெக்ட்ரா என்ற கம்பெனியைத் தொடங்கினார். நாட்டுப்புறப் பாடல்கள்தான் அதன் சரக்கு. 1960களில் ஒரு சங்கதி அவர் கண்ணில் பட்டது. மாணவர்களிடம் இசை ஆசை இருக்கிறது, பாக், விவால்டி போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் வேண்டும். ஆனால் ஒரு செவ்வியல் எல்.பி., அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டு, ஏறக்குறைய ஐந்து டாலர். அதே மாணவன் ஒரு நல்ல காகித அட்டைப் புத்தகத்தை யோசிக்காமல் வாங்கிவிடுகிறான். புத்தகத்தின் விலைக்கே தட்டைக் கொடுத்தால் என்ன? 1964-இல் நன்சச் பிறந்தது, தட்டு ஒன்று இரண்டரை டாலர்.

எப்படிக் கட்டுப்படியாயிற்று? பதிவுச் செலவே இல்லை. ஐரோப்பாவில் யாரோ ஏற்கெனவே செலவழித்துப் பதிந்து வைத்திருந்தார்கள். உரிமைத் தொகை, அச்சு, உறை, தீர்ந்தது. ஆனால் உறையில் மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை. மற்றவர்கள் நடத்துநர் கோலோடு நிற்கும் புகைப்படத்தைப் போட்ட காலத்தில் இவர்கள் ஓவியர்களைக் கொண்டு குறும்பான சித்திரங்கள் வரையவைத்தார்கள். பின்னட்டைக் குறிப்பை விஷயம் தெரிந்தவர்களிடம் எழுதி வாங்கினார்கள். தட்டு நன்றாக விற்றது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. 1965-இல் டெரீசா ஸ்டெர்ன் பொறுப்புக்கு வந்தார். புரூக்ளினில் வளர்ந்தவர், பன்னிரண்டு வயதிலேயே பெரிய இசைக்குழுவுடன் பியானோ வாசித்த குழந்தை மேதை. மேடையை விட்டுவிட்டு இசைத்தட்டுத் துறைக்கு வந்தவர். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆள்களை வைத்துக்கொண்டு, பாக்கும் விவால்டியும் ஈட்டிக் கொடுத்த பணத்தை எதில் கொண்டுபோய்ப் போட்டார் தெரியுமா? யாரும் வாங்கமாட்டார்கள் என்று மற்ற கம்பெனிகள் கைகழுவியவற்றில்.

1967-இல் மார்ட்டன் சபாட்னிக் என்பவரிடம் முழுக்க மின்னணு ஒலியாலான ஒரு படைப்பைக் கேட்டு வாங்கி வெளியிட்டார்கள். புக்லா சின்தசைசரில் உருவானது. எல்.பி.யின் முதல் பக்கத்துக்கு ஒரு பகுதி, இரண்டாம் பக்கத்துக்கு ஒரு பகுதி என்று தட்டின் அளவுக்கே தைத்த சட்டை. இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று இப்படி மின்னணு இசையைக் கேட்டு வாங்கியது அதுவே முதல்முறை. அடுத்து சார்ல்ஸ் வூரினனிடம் கேட்டு வாங்கிய இன்னொரு மின்னணுப் படைப்பு 1970-இல் புலிட்சர் பரிசு பெற்றது. பரிசுக் கச்சேரி மண்டபம் எதிலும் பிறக்காமல், மலிவு லேபிளின் தட்டுக்காகப் பிறந்த படைப்பு!

விலை குறைவாக இருந்ததால் மாணவன் தெரியாத பெயரையும் துணிந்து வாங்கினான். அவன் வாங்குவான் என்ற தைரியத்தில் அந்த அம்மாள் தெரியாத பெயரையும் துணிந்து வெளியிட்டார். ஐந்து டாலர் தட்டில் இந்தச் சூதாட்டம் நடந்திருக்காது.

#4 கஞ்சிரா

பேராசிரியர் ஐயா, "பரிசுக் கச்சேரி மண்டபம்" என்றால் என்ன? புரியவில்லை.

#5 பேராசிரியர்_ஓய்வு

விரல் வேகம், மன்னிக்கவும். "கச்சேரி மண்டபம் எதிலும்" என்று வாசிக்கவும்.

#6 உப்பிலி

"நன்சச்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒப்பில்லாதது, தனக்கு நிகர் இல்லாதது என்று பொருள். கும்பகோணத்துக்காரனான எனக்கு இது எங்கள் ஒப்பிலியப்பன் பெயராகவே படுகிறது. ஊரில் அவரை உப்பிலியப்பன் என்றும் சொல்கிறோம், உப்பில்லாத பிரசாதம் உண்பவர். இரண்டரை டாலருக்கு விற்றவர்களை உப்புச் சப்பில்லாத லேபிள் என்று அந்தக் கடைக்காரர் நினைத்திருக்கிறார். பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் படித்துவிட்டார் பாவம்.

#7 ஊசிமுனை

சிரித்துவிட்டேன். ஆனால் இரைச்சல் இரைச்சல்தானே? உப்பிலியப்பன் வந்தும் அதை நீக்க முடியாது.

#8 பைரவி_ரசிகை

கருந்தட்டு கேட்டது ராம்நாட் கிருஷ்ணனைப் பற்றி. எல்லாரும் பாக்கிலும் சின்தசைசரிலும் இருக்கிறீர்கள். நான் ஊருக்குத் திரும்புகிறேன்.

அவர் 1918-இல் பிறந்தவர். சி. எஸ். சங்கரசிவம் அவருக்குக் குரு. சங்கரசிவம் மிருதங்க வித்வான் முருகபூபதியின் அண்ணன். கிருஷ்ணன் சபாக்களில் கூட்டம் சேர்த்த பாடகர் இல்லை, பாடகர்கள் தேடிப்போய்க் கேட்ட பாடகர். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். இந்தத் தட்டு அந்தக் காலத்தது. வயலின் வி. தியாகராஜன், மிருதங்கம் டி. ரங்கநாதன், கஞ்சிரா வி. நாகராஜன். 1973 ஜனவரியில், அறுபதைத் தொடாமலே கிருஷ்ணன் போய்விட்டார்.

வெஸ்லியனில் இந்த வாசலைத் திறந்தவர் ராபர்ட் ஈ. பிரவுன். மிருதங்கத்தைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர், டி. ரங்கநாதனிடம் வாசிக்கக் கற்றவர். "உலக இசை" என்று இன்று எல்லாரும் சொல்லும் ஆங்கிலத் தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். ரங்கநாதனும் அவர் தம்பி புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் யார் என்று இங்கே சொல்லத் தேவையில்லை. வீணை தனம்மாளின் பேரர்கள், பாலசரஸ்வதியின் தம்பிகள். கர்நாடக இசை பாடிய அமெரிக்கர் "ஹிக்கின்ஸ் பாகவதர்" உருவானதும் அங்கேதான்.

இவ்வளவு பேர் ஒரே வளாகத்தில் இருக்கும்போது, மூன்று மணி நேரப் பயணத்துக்குள் நியூயார்க்கில் ஒரு துணிச்சலான லேபிள் இருந்தால் என்ன நடக்கும்? தட்டு வரும். கே. வி. நாராயணஸ்வாமியின் "தியானம்" அப்படி வந்தது, பாலக்காடு ரகுவின் மிருதங்கத்தோடு. விஸ்வநாதனின் "பல்லவி" வந்தது. ராம்நாட் கிருஷ்ணனுக்கே "கச்சேரி" என்று இன்னொரு தட்டு உண்டு. வீணை எஸ். பாலசந்தரின் தட்டு ஒன்றும் அதே லேபிளில் இருக்கிறது.

#9 கஞ்சிரா

தலைப்புகளைப் பாருங்கள். வித்வான், கச்சேரி, பல்லவி, தியானம். எதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து மழுப்பவில்லை. நம் சொல்லை அப்படியே அட்டையில் போட்டுவிட்டு, பொருளைக் கீழே விளக்கியிருக்கிறார்கள். கஞ்சிராவுக்குத் தனியாகப் பெயர் போட்டிருக்கிறார்கள் என்பதை என் பெயர்ப் பொருத்தத்துக்காக ஒருமுறை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். நம் ஊர்த் தட்டுகள் பலவற்றில் உபபக்கவாத்தியம் இருந்ததே காதால் கேட்டால்தான் தெரியும்.

#10 பைரவி_ரசிகை

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையின் பெயர் எனக்கு என்றுமே கசப்பு. எக்ஸ்ப்ளோரர்! நாடு கண்டுபிடிக்கக் கப்பல் ஏறியவனின் பெயர். ராம்நாட் கிருஷ்ணன் எந்தத் தீவில் ஒளிந்திருந்தார், இவர்கள் போய்க் கண்டுபிடிக்க? பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கிய ஆசிரியர் அவர்.

#11 பேராசிரியர்_ஓய்வு

கசப்பு நியாயமானது அம்மா. ஆனால் அந்த வரிசை பேர் வாங்கிய கதை வேறு வழியில் போகிறது. 1966-இல் டேவிட் லூயிஸ்டன் என்ற ஆங்கிலேயர், நியூயார்க்கில் நிதிப் பத்திரிகை வேலை பார்த்தவர், அலுத்துப்போய்ப் பாலித் தீவுக்குக் கிளம்பினார். கையில் ஒரு டேப் ரெக்கார்டர், இரண்டு மைக். ஊர் ஊராகப் போய்க் காமெலான் என்ற வெண்கல வாத்தியக் குழுக்களையும் கெச்சாக் கூத்தையும் பதிந்துகொண்டு வந்து நன்சச்சில் கொடுத்தார். கேட்டவுடன் டெரீசா ஸ்டெர்ன் எடுத்துக்கொண்டார். 1967-இல் வெளிவந்த அந்தத் தட்டுதான் எக்ஸ்ப்ளோரர் வரிசைக்கு முகவரி வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன்பு வரை இத்தகைய நாட்டு இசைத் தட்டுகள் இரைச்சலும் கீறலுமாக, நூலகத்துக்குப் போகும் ஆராய்ச்சிச் சரக்காகவே இருந்தன. இவர் ஸ்டீரியோவில் பதிந்திருந்தார். விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கக்கூடிய தட்டாக அது இருந்தது.

அந்தக் கூடையில் நம் வித்வான்களையும் சேர்த்துப் போட்டார்கள். கூடையின் பெயர் பொருந்தவில்லை. ஆனால் அந்தக் கூடை இல்லாமல் இவர்களைத் தனியாக யாரும் தூக்கியிருக்கமாட்டார்கள்.

#12 உப்பிலி

அதே கூடையிலிருந்து சில விண்வெளிக்கும் போயின. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் மூன்று பாட்டுகளாவது இந்த மலிவு லேபிளில் வந்தவை. ஜாவா அரண்மனைக் காமெலான் ஒன்று, அதைப் பதிந்தவர் மேலே சொன்ன அதே ராபர்ட் பிரவுன். வால்யா பால்கான்ஸ்கா பாடிய பல்கேரிய மலைப்பாட்டு ஒன்று. மூன்றாவது கோரோ யாமாகுச்சியின் ஷாகுஹாச்சிக் குழல். யாமாகுச்சியும் வெஸ்லியனில் இருந்தவர்தான். அவர் வாசித்துக்கொண்டிருந்த நாளில் அடுத்த அறையில் ராம்நாட் கிருஷ்ணன் யாருக்காவது சரளி வரிசை சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்துக்கொள்வேன். நடந்ததா தெரியாது, நினைப்பதற்குக் காசா பணமா.

அந்தத் தங்கத் தட்டில் இந்தியாவின் சார்பில் போனது கேசர்பாய் கேர்க்கரின் பாட்டு. அது நன்சச் இல்லை.

#13 புதுவரவு

எல்லாருக்கும் வணக்கம். இன்றுதான் சேர்ந்தேன். ஒரு சந்தேகம்: மலிவு லேபிள் என்றால் எல்லாமே ஒரே ரகமா? என் தாத்தா வீட்டில் இங்கிலாந்திலிருந்து யாரோ கொண்டுவந்த எல்.பி.க்கள் இருக்கின்றன. "டாப் ஆஃப் தி பாப்ஸ்" என்று போட்டு, எல்லா அட்டையிலும் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். இவற்றுக்கும் மதிப்பு உண்டா?

#14 ஊசிமுனை

தம்பி, அது வேறு குலம். அன்றைய வெற்றிப் பாடல்களைப் பெயர் போடாத பாடகர்களைக் கொண்டு அச்சு அசலாகப் பாடவைத்து விற்பார்கள். இங்கிலாந்தில் உல்வொர்த் கடைகளில் 1954 முதல் 1965 வரை எம்பஸி லேபிள் இதைத்தான் செய்தது. பின்னர் 1968-இல் பிக்விக் கம்பெனியின் ஹால்மார்க் லேபிளில் உங்கள் தாத்தாவின் வரிசை வந்தது. 1971-இல் அதில் இரண்டு தட்டுகள் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கே ஏறிவிட்டன. முழு விலைக் கம்பெனிகளுக்குப் பொறுக்குமா? மலிவுத் தட்டுகளுக்குப் பட்டியலில் இடமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். எல்டன் ஜான் பெயர் பெறுவதற்கு முன் இப்படிப்பட்ட கூலிப் பாட்டுகள் பாடியிருக்கிறார். அந்தத் தட்டுகளை மட்டும் தேடுகிறவர்கள் உண்டு. மற்றவை லட்சக்கணக்கில் விற்றவை, இன்றும் குவியலாகக் கிடைக்கும். அட்டைக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் 1980களில் பழைய இந்திப் பாடல்களை வேறு குரலில் பாடி மலிவு கேசட்டாக டி-சீரீஸ் விற்றதே, அந்த வழி.

#15 கருந்தட்டு

நிறையக் கற்றுக்கொண்டேன். அப்படியானால் நன்சச்சில் எதைத் தேடலாம், எதை விட்டுவிடலாம்?

#16 பேராசிரியர்_ஓய்வு

அதிகம் விற்றது இன்று மலிவு, அன்று யாரும் சீந்தாதது இன்று அரிது. ஜோஷுவா ரிஃப்கின் பியானோவில் வாசித்த ஸ்காட் ஜாப்லின் ராக்டைம் தட்டு 1970-இல் வந்தது; நன்சச் வரலாற்றில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் தட்டு. அருமையான தட்டு. அமெரிக்காவில் பழைய கடை எதில் நுழைந்தாலும் காலில் இடறும். கேட்பதற்கு வாங்குங்கள், சேகரிப்பு என்று அலமாரியில் பூட்டாதீர்கள். பீவர், கிராஸ் இருவரும் மூக் சின்தசைசரை விளக்கிச் செய்த 1968-ஆம் ஆண்டு இரட்டைத் தட்டு வேறு மாதிரி. அதற்குள் ஒரு கையேடு இருக்கும். அது இல்லாமல் வந்தால் பேரம் பேசுங்கள்.

எண்ணைப் பார்க்கப் பழகுங்கள். எச் என்ற எழுத்துக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் மோனோ; அதே எண்ணுக்கு முன் 7 சேர்ந்து ஐந்து இலக்கமானால் ஸ்டீரியோ. 71-இல் தொடங்குவது செவ்வியல், 72 நம் கூடை. 1968 வாக்கில் அமெரிக்காவில் மோனோ எல்.பி.க்கள் நின்றுபோயின. ஆகவே எக்ஸ்ப்ளோரர் வரிசையில் மோனோ பிரதி கண்ணில் பட்டால் ஒரு கணம் நில்லுங்கள்.

ஊசிமுனைக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய மூல அச்சைத் தேடுவேன் என்றீர்கள், சரி. உரிமை வாங்கி வெளியிட்டவற்றுக்கு அது பொருந்தும். "வித்வான்" தட்டுக்கு மூல அச்சு எங்கே போய்த் தேடுவீர்கள்? சபாட்னிக்குக்கு? ஜாவாக் காமெலானுக்கு? இவற்றுக்கெல்லாம் நன்சச்தான் மூலம். மலிவு லேபிளின் முதல் அச்சே முதல் அச்சு.

#17 ஊசிமுனை

அந்த இடத்தில் என்னைப் பிடித்துவிட்டீர்கள். தோற்றேன் என்று எழுதமாட்டேன், நாளை பேசுவோம் என்று எழுதுகிறேன்.

பிரதி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 1970களின் நடுவில் எண்ணெய் நெருக்கடியோடு அமெரிக்கத் தட்டுகள் பொதுவாகவே மெலிந்தன, எல்லா லேபிளிலும். தட்டைக் கண் மட்டத்துக்குப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். அலை தெரிந்தால் வளைந்துவிட்டது. கடல் தாண்டி அனுப்பும்போது உறைக்குள்ளேயே தட்டை வைத்து அனுப்பினால் வழியில் உறையின் தையலைக் கிழித்துக்கொண்டு வரும். தட்டை வெளியே எடுத்து உறைக்குப் பின்னால் வைத்துக் கட்டச் சொல்ல வேண்டும். நான் சொல்லியும் ஒரு விற்பனையாளர் செய்யவில்லை. கே. வி. நாராயணஸ்வாமி தட்டுறையின் மேல் விளிம்பு நான்கு விரற்கடை பிளந்து வந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

#18 கஞ்சிரா

டெரீசா ஸ்டெர்ன் பிறகு என்ன ஆனார்?

#19 பேராசிரியர்_ஓய்வு

சொல்ல மனம் வரவில்லை, கேட்டுவிட்டீர்கள். எலெக்ட்ராவும் அதோடு நன்சச்சும் 1970-இல் வார்னர் குழுமத்தின் கைக்குப் போயின. 1979 கடைசியில் ஸ்டெர்ன் அம்மையாரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பெரிய பெரிய இசையமைப்பாளர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பயனில்லை. 2000-இல் காலமானார். 1984-இல் ராபர்ட் ஹர்விட்ஸ் வந்தபிறகு லேபிள் வேறு உயரத்துக்குப் போனது. ஸ்டீவ் ரைக், குரோனாஸ் குவார்டெட், 1992-இல் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற குரெட்ஸ்கியின் சிம்பொனி, 1997-இல் "புவேனா விஸ்டா சோஷியல் கிளப்" தட்டில் பாடிய கியூபாவின் கிழவர்கள் என்று. அப்போது அது மலிவு லேபிள் இல்லை. என் ஆர்வமும் அந்த இரண்டரை டாலரோடு நின்றுவிட்டது என்பது என் குறை.

#20 பைரவி_ரசிகை

கருந்தட்டு, தட்டைக் கேட்டீர்களா இல்லையா? இத்தனை பேசினோம், அதை நீங்கள் சொல்லவே இல்லை.

#21 கருந்தட்டு

நேற்று இரவு கேட்டோம் அம்மா. எழுபத்தெட்டு வேகத் தட்டில் மூன்று, மூன்றரை நிமிடத்துக்குள் ஆலாபனையும் கீர்த்தனையும் நிரவலும் ஓடிப்போகும். இதில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வருகிறது. அவர் அவசரப்படவே இல்லை. ஒரு சொற்றொடர் பாடிவிட்டு நிறுத்துகிறார். வயலின் முடிக்கும்வரை காத்திருக்கிறார். அந்த மௌனமும் பதிவாகியிருக்கிறது. என் அப்பா எண்பத்திரண்டு வயது, காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கரை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "இவரை ராமநாதபுரத்தில் கேட்டிருக்கிறேன், குரல் மேலே ஏறும்போது கண்ணை மூடுவார்" என்றார். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. ஒரு டாலர் என்றால் எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். அதை உரிக்கலாமா என்றார்.

உரிக்கலாமா? அட்டை கிழியுமோ என்று பயமாக இருக்கிறது.

#22 ஊசிமுனை

நகத்தால் தொடாதீர்கள். முடி உலர்த்தும் சாதனத்தை ஓர் அடி தள்ளிப் பிடித்து அரை நிமிடம் இளஞ்சூடு காட்டுங்கள், பசை இளகும். மூலையிலிருந்து மெதுவாக. தட்டை முன்பே வெளியே எடுத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

#23 உப்பிலி

நானாக இருந்தால் சீட்டை அப்படியே விட்டுவிடுவேன்.